தாண்டியவர்கள் – 6: வெம்ப்ளியில் ஒரு குளிர்நாள்

ராஜகுளத்தில் சாயங்கால நேரத்தில் பாண்டி ஆடும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சில்லைப் போட்டுவிட்டு ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே போய், கடைசிக் கட்டத்தில் இரண்டு காலையும் ஊன்றுகிறார்கள். மும்முறை தாண்டுதலைப் புரியவைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஓடிவந்து பலகையை எந்தக் காலால் மிதித்தோமோ அதே காலில் இறங்க வேண்டும், அது நொண்டி. அடுத்து மறு காலுக்கு ஓர் எட்டு. அந்தக் காலால் உந்தி மணலுக்குள் பாய்ச்சல். இடையில் தரையைத் தொடும் கணத்தில், உடல் எடையைப்போல் பத்து மடங்குக்கும் மேலான விசையை ஒற்றைக் கால் வாங்கிக்கொள்கிறது. சூடேறாத தசையோடு அதில் இறங்கக் கூடாது.

ஹென்றி ரெபெல்லோவுக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும் இறங்க வேண்டியதாயிற்று.

1928-ல் லக்னோவில் பிறந்தவர். லண்டன் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியில் அவருக்கு வயது 19. அதற்குள் 50 அடி 2 அங்குலம், அதாவது 15.29 மீட்டர் தாண்டியிருந்தார். 1948-ல் உலகின் முன்னணி வீரர்களோடு வைத்துப் பேசக்கூடிய தூரம் அது. சுதந்திரம் வாங்கி ஓராண்டு முடியாத நாடு, தன் கொடியோடு போன முதல் ஒலிம்பிக். பதக்கம் வரும் என்று நம்ப நியாயம் இருந்தது.

ஆகஸ்ட் 3, வெம்ப்ளி மைதானம். குளிர், காற்று. இறுதிச் சுற்று. உடம்பைத் தயார் செய்துகொண்டு முதல் தாண்டலுக்கு வந்து நின்றவரை ஓர் அதிகாரி நிறுத்தினார். வேறொரு போட்டிக்குப் பதக்கம் வழங்குகிறார்கள், முடியட்டும் என்றார். நின்றார். விழா முடிந்த கையோடு ஓடச் சொன்னார்கள். மறுபடி சூடேற்றிக்கொள்ள நேரம் தரவில்லை. முழு வேகத்தில் ஓடிவந்து பலகையை மிதித்தார். தொடையின் பின்தசை கிழிந்தது. அவர் பெயருக்கு நேரே ஒரு தூரம்கூடப் பதிவாகவில்லை.

ஸ்வீடனின் ஆர்னே ஓமன் 15.40 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். ஆஸ்திரேலியாவின் ஜார்ஜ் ஏவரிக்கு வெள்ளி. வெண்கலம் வாங்கிய துருக்கியின் ரூஹி சரியால்ப் தாண்டியது 15.02. ரெபெல்லோவின் பழைய தாண்டல் அதைவிட 27 சென்டிமீட்டர் அதிகம். அன்று அவ்வளவு தாண்டியிருப்பாரா என்பது வேறு விஷயம். தாண்டிப் பார்க்கவே விடவில்லையே என்பதுதான் எனக்கு ஆறவில்லை. சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தடகளப் பதக்கம் 2021-ல், டோக்கியோவில் நீரஜ் சோப்ராவின் ஈட்டியில்தான் வந்தது.

ரெபெல்லோவுக்கு நடந்ததுபோல் எங்கள் பள்ளி விளையாட்டு விழாவிலும் நடந்தது. சிறப்பு விருந்தினர் வரத் தாமதம். காலையிலேயே ஓடித் தயாரான பையன்களை வரிசையில் உட்காரவைத்தார்கள். ஒன்றரை மணி நேரம். கார் வந்ததும் விசில். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் முதல் தாண்டலிலேயே தொடையைப் பிடித்துக்கொண்டு மணலில் சரிந்தான். இன்றும் விழா மேடைகளில் மாலை மரியாதை நீளும்போதெல்லாம் என் கண் மேடைக்குப் போவதில்லை. மைதானத்து ஓரத்தில் நிற்கும் பிள்ளைகளின் கால்களைத்தான் பார்க்கிறேன்.

ரெபெல்லோ விமானப் படையில் சேர்ந்து குரூப் கேப்டன் பொறுப்பு வரை உயர்ந்தார். பின்னாளில் நாடெங்கும் விளையாட்டுத் திறமையுள்ள சிறுவர்களைத் தேடும் பணியிலும் இருந்தார். 2013 ஆகஸ்டில், 84-வது வயதில் காலமானார். அதற்குப் பத்தாண்டு கழித்து நம் தஞ்சைப் பக்கத்துப் பையன் பிரவீன் சித்திரவேல் ஹவானாவில் 17.37 மீட்டர் தாண்டித் தேசிய சாதனை படைத்தார்.

இந்த இருவருக்கும் நடுவே இன்னொருவர் இருக்கிறார். 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் 16.11 மீட்டர் தாண்டித் தங்கம் வென்ற மொகிந்தர் சிங் கில். அவர் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)