இன்டர்ன்ஷிப் தேடும் பிள்ளைகளே, உங்கள் லிங்க்ட்இன் பக்கத்தில் என்ன இருக்கிறது?

கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பித்த மாணவ, மாணவியரை நேரில் சந்தித்தபோது, இவ்வாண்டு ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்டோம்: "லிங்க்ட்இன்னில் கணக்கு இருக்கிறதா?" பலரும் இருக்கிறது என்றார்கள். திறந்து காட்டச் சொன்னோம். பெயர், கல்லூரியின் பெயர், 'மாணவர்' என்ற ஒரு சொல். அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

பி.காம். மூன்றாமாண்டு படிக்கும் ஒரு தம்பியிடம், ஏன் எதுவும் எழுதவில்லை என்று கேட்டோம். "எழுதுறதுக்கு எனக்கு என்ன அனுபவம் இருக்கு மாமா?" என்றார். பேசிப் பார்த்ததில், அத்தாவின் ஹார்டுவேர் கடைக்கு இரண்டு வருடமாக அவர்தான் டேலியில் கணக்கு ஏற்றுகிறார். ஜிஎஸ்டி தாக்கலுக்காக ஆடிட்டருக்குப் பில்களைப் பிரித்து அனுப்புவதும் அவர்தான். வீட்டு வேலை என்று நினைத்து அதை அவர் ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. நம் பிள்ளைகள் பலரின் நிலை இதுதான். திறமை இருக்கிறது, பார்ப்பவருக்குத் தெரியும்படி அது எழுதப்படவில்லை.

லிங்க்ட்இன் என்றால் என்ன என்று கேட்கும் பெற்றோருக்கு ஒரு சிறு விளக்கம். 2003-இல் தொடங்கி, 2016-இல் மைக்ரோசாப்ட் நிறுவனத்தால் வாங்கப்பட்ட தளம் இது. வேலை தொடர்பான அறிமுகத்திற்கே முதன்மையாகப் பயன்படுவது. ஆள் தேடும் நிறுவனத்தார் 'டேலி', 'பைத்தான்' போன்ற சொற்களைத் தட்டச்சு செய்து தேடுவார்கள். அந்தச் சொல் உங்கள் பக்கத்தில் இல்லாவிட்டால், அவர்கள் தேடலில் நீங்கள் வருவது கடினம்.

இனி, செய்ய வேண்டியவை.

பெயர்: 'முஹம்மது' என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதுகிறோம். இனிஷியலை ஒருவர் முன்னால் போடுகிறார், ஒருவர் பின்னால் போடுகிறார். மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள். பயோடேட்டாவிலும் அதுவே இருக்கட்டும்.

தலைப்பு வரி: பெயருக்குக் கீழே 220 எழுத்துகள் வரை எழுதலாம். வெறுமனே 'மாணவர்' என்று விடாமல், "பி.காம். மூன்றாமாண்டு, டேலி, எக்செல், ஜிஎஸ்டி பதிவுகள், கணக்கியல் இன்டர்ன்ஷிப் தேடுகிறேன்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

உங்களைப் பற்றி: என்ன படிக்கிறீர்கள், எதைச் செய்து பழகியிருக்கிறீர்கள், எந்தத் துறையில் வாய்ப்புத் தேடுகிறீர்கள் என நான்கைந்து வாக்கியம் போதும். முதல் சில வரிகள் மட்டுமே திறந்தவுடன் தெரியும். முக்கியமானதை அங்கேயே சொல்லிவிடுங்கள்.

அனுபவம்: சம்பளம் வாங்கிய வேலை மட்டுமே அனுபவம் என்பதில்லை. கடைக் கணக்கு, கல்லூரி புராஜெக்ட், ரத்ததான முகாம் எல்லாம் சேரும். நோன்புக் கஞ்சி விநியோகத்தில் அரிசி, பருப்பு வரவு செலவை 30 நாளும் எழுதியிருந்தால் தன்னார்வப் பணி என்ற பகுதியில் சேருங்கள். என்ன செய்தீர்கள், எவ்வளவு காலம், எந்தக் கருவியைப் பயன்படுத்தினீர்கள் என்று குறிப்பிடுங்கள். ஆனால் செய்யாததை எழுதாதீர்கள். நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே அது தெரிந்துவிடும்.

சான்று: கணினி பயில்வோர் தங்கள் புரோகிராம்களை கிட்ஹப்பில் ஏற்றி அதன் இணைப்பைத் தாருங்கள். என்பிடெல் பாடங்கள், தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டப் பயிற்சிகள் ஆகியவற்றை முடித்திருந்தால் சான்றிதழ்களைச் சேருங்கள்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு: "படம் போட வேண்டுமே" என்று சில வீடுகளில் கணக்கையே தொடங்க விடுவதில்லை. படம் கட்டாயமில்லை. போட்டாலும், அறிந்து இணைத்துக்கொண்டவர்களுக்கு மட்டும் தெரியும்படி அமைப்புகளில் மாற்றிக்கொள்ளலாம். 'வாய்ப்புத் தேடுகிறேன்' என்ற அறிவிப்பையும் ஆள் எடுப்போர் மட்டும் பார்க்கும்படி வைக்கலாம். வீட்டு முகவரி, கைபேசி எண் இரண்டையும் பொதுவில் போட வேண்டாம். மகளோடு அமர்ந்து இவற்றைச் சரிபாருங்கள். அதற்குப் பின்பும் தடுத்தால் நஷ்டம் அவளுக்குத்தான்.

மூத்த மாணவர்கள்: லிங்க்ட்இன்னில் உங்கள் கல்லூரியின் பக்கத்திற்குச் சென்றால், முன்னாள் மாணவர்கள் எங்கெங்கே பணியாற்றுகிறார்கள் என்று பார்க்கலாம். "வேலை வாங்கித் தாருங்கள்" என்று எழுதாதீர்கள். "நானும் அதே கல்லூரி. உங்கள் துறைக்கு வர இப்போது எதைப் பழக வேண்டும்?" என்று கேளுங்கள். பத்துப் பேரில் இரண்டு பேர் பதில் சொன்னாலும் நல்லதே.

ஓர் எச்சரிக்கை: சென்ற ஆண்டு நம் உதவி பெற்ற ஒரு மாணவர், இன்டர்ன்ஷிப்புக்குப் பதிவுக் கட்டணம் என்று 4,000 ரூபாய் கட்டி ஏமாந்தார். அந்தப் பணம் அவருடைய உம்மா கம்மலை அடகு வைத்துக் கொடுத்தது. வேலை தருபவர் நம்மிடம் பணம் கேட்பதில்லை. கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை முடக்கி மீட்க வழியுண்டு. அந்த மாணவர் எங்களிடம் சொன்னதே மூன்று வாரம் கழித்துத்தான்.

முன்பு சொன்ன பி.காம். தம்பி அன்றே எங்கள் மேசையில் அமர்ந்து தன் பக்கத்தை மாற்றி எழுதினார். பிறகு ஏழு இடங்களுக்கு விண்ணப்பித்தார். ஐந்து இடங்களிலிருந்து பதிலே இல்லை. ஒரு இடத்தில் ஆள் எடுத்தாகிவிட்டது என்றார்கள். ஒரு ஆடிட்டர் அலுவலகம் கோடை விடுமுறைக்கு வரச் சொன்னது. நல்ல பக்கம் இருந்தால் வேலை வீடு தேடி வந்துவிடாது. விண்ணப்பிப்பது நம் கடமை. ஆனால் விண்ணப்பத்தைப் பார்ப்பவர் அடுத்துப் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

பல ஆண்டுகளாக உதவித்தொகைப் படிவத்தில் நாங்கள் மதிப்பெண்ணை மட்டுமே கேட்டு வந்தோம். அது எங்கள் குறை. இனி, "வேறு என்ன செய்யத் தெரியும்?" என்ற கேள்வியும் படிவத்தில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அஸருக்குப் பின் அலுவலகக் கணினி மாணவர்களுக்காகத் திறந்திருக்கும். சான்றிதழ்களோடு வாருங்கள். சேர்ந்து அமர்ந்து எழுதுவோம்.