தடை 61 நாள், முட்டைக்கு ஒரு நாள்

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடை ஜூலை 31-உடன் முடிகிறது. சின்னமுட்டத்தில் அது ஜூன் 14-லேயே முடிந்துவிடுகிறது. ஒரே குமரி மாவட்டத்துக்கு இரண்டு காலண்டர் என்பது நமக்குப் பழகிய குழப்பம். இந்த முறை வந்த கடிதங்களில் கேள்வி வேறு: தடை முடிவதற்குள் முட்டையெல்லாம் மீனாகிவிடுமா?

எப்போதோ ஆகியிருக்கும். நம் கடலின் சூட்டில் சாளை முட்டை பொரிக்க ஏறக்குறைய ஒரு நாள் போதும். அரசு சொல்லும் 'இனப்பெருக்கக் காலம்' சினைமீனுக்குத்தான் காவல். மிதந்து திரியும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முட்டையை இழுவலை அள்ளப்போவதில்லை. எல்லா மீனும் அரசாணை பார்த்து முட்டையிடுவதுமில்லை.

அதைவிட, ஒரே நாளில் நீந்துவதற்குத் தசை எங்கிருந்து வருகிறது என்பதுதான் என்னை இழுக்கிறது. இதை ஆய்வாளர்கள் நுணுக்கமாகப் பார்த்தது வரிக்குதிரை மீனில். கங்கைப் பக்கத்து நீர்நிலைகளைச் சேர்ந்த மீன்; 1822-இல் ஃபிரான்சிஸ் ஹாமில்டன் விவரித்தார்; இன்று மீன்தொட்டிக் கடைகளில் கிடைக்கிறது. உள்ளே எல்லாம் தெரியும் கரு என்பதால், செல்கள் நகர்வதை உயிரோடு பார்க்கலாம்.

கருவின் நடுவே ஓடும் முதுகுநாணிலிருந்து 'ஹெட்ஜ்ஹாக்' என்ற புரதம் கசிகிறது. அதை ஒட்டி இருபுறமும் நிற்கும் செல்கள், நிதானமாக, சளைக்காமல் வேலை செய்யும் மெதுநார்களாக ஆகின்றன. ஆனால் அவற்றின் இடம் அங்கே இல்லை, தோலுக்கடியில். கோட்டாறு சவேரியார் திருவிழாக் கூட்டத்தில் கோயில் வாசலிலிருந்து தெருமுனைக்கு நெருக்கியடித்து வருகிறவரைப்போல, அவை மற்ற தசைச் செல்களுக்குள் நுழைந்து வெளிப்பக்கம் வந்து ஒற்றை அடுக்காகப் படிகின்றன. அவை கடந்துபோன பின்னால், அந்த மற்ற செல்கள் நீண்டு ஒன்றோடொன்று இணைந்து, திடீர்ப் பாய்ச்சலுக்கான விரைநார்களாகின்றன. ஒரிகானில் ஸ்டீபன் டெவோட்டோ, மான்டி வெஸ்டர்ஃபீல்டு குழுவினர் செல்களுக்குச் சாயமிட்டு இந்தப் பயணத்தைப் பின்தொடர்ந்து 1996-இல் வெளியிட்டார்கள். உத்தரவு கிடைக்கும் இடம் ஒன்று, வேலை செய்யும் இடம் வேறு. அந்த உத்தரவைக் கேட்டு நடக்க 'யூ-பூட்' என்ற மரபணு வேண்டும். அது பழுதான கருக்களில் அதே செல்கள் விரைநாரின் குணத்துக்கு மாறுவதை 2001-இல் சுதீப்தோ ராய், ஃபிலிப் இங்கம் குழுவினர் காட்டினார்கள். பிறந்த இடம் மட்டும் போதவில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது.

மற்ற கேள்விகள்.

அயிலையில் தோலை ஒட்டிய கறுத்த சதை கெட்டதா? இல்லை, ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் மயோகுளோபின் மிகுந்த, ஓயாமல் நீந்தும் தசை.

சூரையில் அது முள்ளருகே இருக்கிறதே? சூரை இனத்தின் தனிக்குணம் அது. உள்ளே இருப்பதால் தசையின் சூடு எளிதில் கடலுக்குப் போவதில்லை.

முட்டைக்குள் கரு அசையுமா? வரிக்குதிரை மீனில் சுமார் 17 மணி நேரத்தில் வால் சுருண்டு விரியத் தொடங்கும்.

அதற்கு மூளை வேண்டுமா? வேண்டாம், தண்டுவடமே போதும்.

பொரித்ததும் ஓடிவிடுமா? இல்லை. இரை தேடும் வயதுக்கு முன், குஞ்சின் நீச்சலை அதன் உடம்பில் ஊறும் டோபமைனே அடக்கி வைக்கிறது. வத்சலா திருமலை, ஹாலிஸ் கிளைன் இருவரும் 2008-இல் எழுதியது.

வள்ளக்காரர்களுக்கும் தடையா? இல்லை, விசைப்படகுக்கும் இழுவலைக்கும் மட்டும்.