தழைச்சத்துப் பற்றாக்குறையும் மரபணு மாற்றிய பயிர்களும்

காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜனே ஆகும். எனினும், அக்காற்றின் நடுவே நிற்கும் நெற்பயிர் தழைச்சத்தின்றி வெளிறிப்போவதை யாவரும் கண்டிருப்பர். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிர் நேரே ஏற்க இயலாது. மண்ணீரில் அம்மோனியமாகவோ நைட்ரேட்டாகவோ கரைந்திருப்பதையே அதன் வேர்கள் உறிஞ்சுகின்றன. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் சுமார் 20.7 கிலோ நைட்ரஜன் உள்ளது. ஆயினும் நெல்வயலில் இடப்படுவதில் பாதிக்கும் குறைவாகவே பெரும்பாலும் பயிரைச் சேருகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி ஆவியாகியும் நீருடன் கசிந்தும் வீணாகிறது.

பற்றாக்குறை நேருங்கால் பயிர் வாளாவிருப்பதில்லை. முதிர்ந்த இலைகளின் புரதத்தைச் சிதைத்து, அதிலுள்ள நைட்ரஜனை இளந்தளிர்களுக்கு அனுப்புகிறது. அடியிலைகள் முதலில் மஞ்சளாவதன் காரணம் இதுவே. நைட்ரஜனைச் சிக்கனமாகக் கையாளும் இத்திறனை மரபணு மாற்றத்தால் மிகுவிக்க இயலுமா என்பதை விஞ்ஞானிகள் ஆராய்ந்து வருகின்றனர்.

கனடாவில் கண்ட முடிவுகள்

கனடா நாட்டு ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தின் ஆலன் குட் என்பவரும் அவர்தம் குழுவினரும், பார்லிப் பயிரின் மரபணு ஒன்றைக் கனோலா என்னும் கடுகினச் செடியில் புகுத்தினர். அலனின் என்னும் அமினோ அமிலம் உண்டாவதற்குரிய நொதியை ஆக்கும் மரபணு அது. வேரில் சிறப்பாக இயங்குமாறு அதனை அமைத்தனர். 2007-இல் வெளியான முடிவுகளின்படி, நைட்ரஜன் குறைந்த நிலையில் இச்செடிகள் சாதாரணச் செடிகளைவிட மிகுந்த விளைச்சல் தந்தன. உரத்தை 40 சதவீதம் குறைத்தும் வழக்கமான விளைச்சலைப் பெறலாம் எனக் கணிக்கப்பட்டது. உரம் மிகுதியாக இட்ட இடத்திலோ வேறுபாடு காணப்படவில்லை.

அதே மரபணு நெல்லிலும் புகுத்தப்பட்டது. 2008-இல் வெளியான அம்முடிவு வேறாயிருந்தது. நைட்ரஜன் போதிய அளவு கிடைத்தபோதே அந்நெல் கூடுதல் விளைச்சல் அளித்தது.

மரபணு ஒன்று, பயிர் இரண்டு, பயனும் இருவகை. உறிஞ்சுதல், புரதமாக்கல், மணிக்குக் கொண்டுசேர்த்தல் ஆகிய பல செயல்கள் கூடியே தழைச்சத்துப் பயன்பாடு அமைகிறது. ஆதலின், ஒரு பயிரில் பெற்ற வெற்றியை மற்றொன்றுக்கு உறுதியாகக் கூறுதல் பொருந்தாது.

பணியாளர் கருதத்தக்கவை

மரபணு நைட்ரஜனைப் படைப்பதில்லை. இருப்பதைச் செவ்வனே பயன்படுத்த உதவுவதே அதன் தொழில். விளைந்த தானியத்துடன் வயலைவிட்டு நீங்கும் நைட்ரஜனை ஈடுசெய்யாவிடின், எவ்வகை விதையாயினும் மண் வறுமையுறும். தழைச்சத்துச் சிக்கனத்திற்கென மரபணு மாற்றிய நெல் எதுவும் நம் நாட்டில் சாகுபடிக்கு அனுமதிக்கப்படவில்லை. எனவே, “விதையை மாற்றி யூரியாவை நிறுத்தலாமா?” என வினவும் உழவருக்கு, இலை வண்ண அட்டையைப் பார்த்து உரத்தைப் பிரித்திடுதலையும், தக்கைப்பூண்டு முதலிய பசுந்தாள் உரத்தையும் எடுத்துரைப்பதே களப்பணியாளர் கடமை.

ஆசிரியர்கள் சத்தற்ற மணல் நிரப்பிய இரு தொட்டிகளில் நெல் வளர்த்து, ஒன்றுக்கு மட்டும் தழைச்சத்து நீங்கலான பிற சத்துக்களையும், மற்றதற்கு எல்லாச் சத்துக்களையும் அளித்துவரலாம். எந்த இலை முதலில் மஞ்சளாகிறது என்பதை மாணவர் தாமே கண்டு குறித்தல் நலம்.