டீஃபிராக் இன்னும் தேவையா?

ஹார்ட் டிஸ்க்கை மாதந்தோறும் டீஃபிராக் செய்ய வேண்டும், அதாவது சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றாக அடுக்க வேண்டும் என்பது பழைய பாடம். நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழலும் தட்டில், சிதறிக் கிடக்கும் கோப்பின் துண்டுகளைத் தேடி வாசிப்பு முனை அலைந்த காலத்தில் அதில் நியாயமும் இருந்தது. ஆனால் 2007இல் வந்த விண்டோஸ் விஸ்டா முதல், அந்த வேலையை விண்டோஸே வாரந்தோறும் தானாகச் செய்துவிடுகிறது. எஸ்எஸ்டியிலோ தட்டே இல்லை. துண்டு எங்கிருந்தாலும் எடுக்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். துண்டுகளை வலியப் போய் அடுக்கினால் தேவையில்லாமல் எழுதி எழுதி எஸ்எஸ்டியின் ஆயுள்தான் குறையும். ‘செய்த பிறகு வேகம் கூடியதே’ என்பார்கள். நிரம்பி வழிந்த பழைய தட்டென்றால் கூடியிருக்கும், மறுப்பதற்கில்லை. மற்றபடி மந்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் ராம் போதாமையோ, பின்னணியில் ஓடும் வேண்டாத மென்பொருள்களோதான். டிஸ்க் பழுதானால் டீஃபிராக் காப்பாற்றாது. முக்கியமான கோப்புகளுக்கு வேறிடத்தில் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.