இதுகூடத் தெரியாதா?

பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் நடத்திக்கொண்டிருந்தேன். "5-ஐயும் 5-ஐயும் கூட்டினால் 55 என்று வருகிறதே, சார்?" என்றான் ஒரு மாணவன். "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டேன். வகுப்பே சிரித்தது. பாடவேளை முடியும்வரை அவன் வாய் திறக்கவில்லை.

நிரலாளர் உலகிலும் இது நடந்திருக்கிறது. நிரல் எழுதுவோர் இணையத்தில் ஒருவருக்கொருவர் ஐயம் தீர்த்துக்கொள்ள 2008-இல் தொடங்கப்பட்டது ஸ்டாக் ஓவர்ஃப்ளோ. ஒருவருக்குச் சொன்ன விடை பலருக்கும் பயன்பட வேண்டும் என்பது நோக்கம். அதனால் முன்பே கேட்கப்பட்ட கேள்விகளும் தெளிவில்லாத கேள்விகளும் மூடப்படும், எதிர்வாக்கும் விழும். விடை சொல்வோர் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கண்டால் சலிப்பு வரத்தான் செய்யும். அந்தச் சலிப்பு புதியவர்களைக் காயப்படுத்தியது. அவர்களுக்குத் தங்கள் தளத்தில் நல்ல வரவேற்பு இல்லை என்று 2018-இல் அந்நிறுவனமே வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அதே ஆண்டில் புதிய நடத்தை நெறிமுறை வந்தது. கேட்பவர் புதியவர் என்று காட்டும் அடையாளமும் வந்தது.

அங்கே நல்ல கேள்விக்கு ஓர் இலக்கணம் உண்டு: என்ன எழுதினேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன வந்தது. கற்றுக்கொடுக்காமல் இதை எதிர்பார்க்க முடியாது. மறுநாள் இம்மூன்றையும் கரும்பலகையில் எழுதி, அந்த மாணவனின் கேள்வியையே பாடமாக்கினேன். தட்டச்சு செய்த எண்ணை 'இன்புட்' எழுத்தாகவே தருகிறது. கூட்டல் குறி இரண்டையும் ஒட்டிவிடுகிறது. 'இன்ட்' கொண்டு எண்ணாக மாற்றியதும் 10 வந்தது. அவனே வந்து செய்து காட்டினான்.

நமக்கு அது ஆண்டுதோறும் வரும் கேள்வி. கேட்கும் பிள்ளைக்கோ அதுதான் முதல் கேள்வி.