பக்கவாதம்: செயலிழந்த கைக்கு வேலை கொடுங்கள்

மூளையில் நேரும் பழுது

பல் துலக்கும்போது கையிலிருந்து பிரஷ் நழுவுகிறது. கொப்பளித்த தண்ணீர் ஒரு கடைவாயில் வழிகிறது. பேச்சு குழறுகிறது. உடனே எண்ணெய் தேய்ப்பதும், புறா ரத்தம் தேடி அலைவதும் நம் ஊர்களில் இன்னும் நடக்கின்றன. இடப்பக்க மூளைக்கு ரத்தம் போகாவிட்டால் வலப்பக்கக் கையும் காலும் செயலிழக்கும். கையில் எதைத் தடவினாலும் மூளைக்கு ரத்தம் போய்ச் சேராது.

நாலரை மணி நேரம்

பெரும்பாலோருக்கு ரத்தக்குழாய் அடைத்துக்கொள்கிறது. சிலருக்கு வெடித்துக் கசிகிறது. எது என்று ஸ்கேன்தான் சொல்லும். அடைப்பு என்றால், தகுந்தவர்களுக்கு நாலரை மணி நேரத்துக்குள் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம். கசிவு என்றால் அதே ஊசி உயிருக்கு ஆபத்து. ஆகவே, 108ஐ அழைத்து ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கே போக வேண்டும். விழுங்குவதில் சிக்கல் இருக்கலாம் என்பதால் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்கக் கூடாது.

தவழ்ந்து எழுந்த பேராசிரியர்

1959இல் நியூயார்க்கில் வாழ்ந்த கவிஞரும் பேராசிரியருமான பேத்ரோ பாக் இ ரீட்டாவைப் பக்கவாதம் தாக்கியது. அப்போது அவருக்கு வயது 65. ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போனது. இனி தேறமாட்டார் என்றார்கள். மருத்துவ மாணவரான அவர் மகன் ஜார்ஜ் ஒப்புக்கொள்ளவில்லை. சுவரில் தோளைச் சாய்த்துத் தவழவிட்டார். கோலிக்குண்டை உருட்டிப் பிடிக்கச் சொன்னார். பாத்திரம் கழுவுவதும் பயிற்சியானது: நல்ல கை பாத்திரத்தைப் பிடித்துக்கொள்ள, தளர்ந்த கை உள்ளே சுற்றிச் சுற்றித் தேய்க்கும்.

பேத்ரோ மீண்டும் கல்லூரியில் பாடம் நடத்தினார். 72 வயதில் கொலம்பியாவில் மலையேறும்போது மாரடைப்பால் இறந்தார். பிரேதப் பரிசோதனையில், பக்கவாதத்தால் மூளையில் அழிந்த பகுதி அப்படியே இருந்தது தெரியவந்தது. அதன் வேலையை மற்ற பகுதிகள் கற்றுக்கொண்டிருந்தன.

பின்னாளில் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப், நல்ல கைக்கு உறை மாட்டி, தளர்ந்த கையை உழைக்க வைக்கும் சிகிச்சையை உருவாக்கினார். 222 பேரிடம் நடந்த ஆய்வு, 2006இல் அதன் பலனை உறுதிசெய்தது. விரல்களில் ஓரளவாவது அசைவு இருப்பவர்களுக்கே இது பொருந்தும்.

வீட்டில்

பக்கவாதம் வந்த முதல் 24 மணி நேரத்தில் கடும் பயிற்சி வேண்டாம். மருத்துவர் சொன்ன பிறகு தொடங்கலாம். தளர்ந்த கையைப் பிடித்துத் தூக்கிவிடவே கூடாது, தோள் மூட்டு நழுவிவிடும். சட்டை போடும்போது முதலில் அந்தக் கை. கழற்றும்போது கடைசியில் அந்தக் கை. அன்பினால் நாமே ஊட்டிவிடுகிறோம், பொத்தானும் போட்டுவிடுகிறோம். அந்தக் கைக்குக் கிடைக்க வேண்டிய பயிற்சியை அப்படித்தான் பறித்துவிடுகிறோம். நேரமானாலும் நோயாளியே போடட்டும்.

முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதற்குப் பிறகும் பயிற்சி பலன் தரும். மருத்துவமனைக்குப் போய்வர முடியாதவர்களுக்கு, 2021இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளரே வீட்டுக்கு வருகிறார். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிந்துகொள்ளலாம்.