நத்தைக்காக அமைந்த அலகு

நடவு முடிந்து நீர் நிற்கும் வயல். வரப்போரம் பெரிய பறவை ஒன்று மெல்ல அடியெடுத்து வைக்கிறது. சாம்பல் படிந்த வெள்ளை உடல். கருகருவென்று மின்னும் இறக்கை நுனியும் வாலும். அலகை உற்றுப் பாருங்கள். வாயை மூடிய பிறகும் நடுவில் ஒரு சந்து. அதன் வழியே அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியும். இதுதான் நத்தைகுத்தி நாரை. ‘அனஸ்டோமஸ் ஆசிட்டன்ஸ்’ என்ற அறிவியல் பெயரின் பின்பாதிக்குக் கொட்டாவி விடுவது என்று பொருள்.

தொலைவில் பறக்கும்போது கழுத்தைக் கவனியுங்கள். கொக்குகள் கழுத்தை மடக்கிப் பறக்கும். இது நேரே நீட்டிப் பறக்கும். வெள்ளை அரிவாள்மூக்கனும் கழுத்தை நீட்டும். ஆனால் அதன் தலை கருப்பு, அலகு கீழ்நோக்கி வளைந்தது. நத்தைகுத்தியின் குஞ்சுகளுக்கு அலகில் சந்து இருக்காது. வளர வளரத்தான் உண்டாகும்.

பாக்குவெட்டி போல நத்தையின் ஓட்டை நொறுக்கத்தான் இந்தச் சந்து என்று முன்பு நினைத்தார்கள். நடப்பது வேறு. மேல் அலகின் நுனியால் நத்தையைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, கத்தி போன்ற கீழ் அலகின் நுனியை ஓட்டுக்குள் செலுத்தும். மூடியைக் கழற்றி, ஓட்டோடு ஒட்டியிருக்கும் தசையை அறுத்துச் சதையை உருவிவிடும். பெரும்பாலும் எல்லாம் தண்ணீருக்கடியில், சில நொடிகளில் முடிந்துவிடும். உடையாத வெற்று ஓடு மட்டும் சேற்றில் கிடக்கும்.

இரைக்கு வயலும் குளமும் வேண்டும். கூட்டுக்கு நீர் சூழ்ந்த மரம் வேண்டும். செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் ஏரியில் நீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கூட்டமாகக் கூடு கட்டுகிறது. வெயில் ஏறினால் தாயும் தந்தையும் முறைவைத்து இறக்கை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் தரும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, பறவைகளைச் சுடக் கூடாதென்று கலெக்டரிடம் முறையிட்டு உரிமை பெற்றவர்கள் இவ்வூர் மக்கள். எச்சம் கரைந்த ஏரிநீர் பயிருக்கு உரம் என்பது அவர்கள் கண்டறிந்த உண்மை. 2022இல் வேடந்தாங்கல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

ஆனாலும் ஏரியை மட்டும் காத்தால் போதாது. இந்த நாரையின் சோறு சுற்றுவட்டார வயல்களில் இருக்கிறது. பூச்சிமருந்து மிகுந்து நத்தை அற்றுப்போனால், காவலுள்ள மரத்திலும் குஞ்சு பசித்துத்தான் கிடக்கும். அடுத்த முறை வயலோரம் நடக்கும்போது சேற்றில் உடையாத நத்தை ஓடு கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால், அந்த மண்ணில் இன்னும் உயிர் இருக்கிறது.